கொழும்பும் வெள்ளித்திரையும்: களனியின் மேல் ஒரு க்வாய்ப் பாலம்

இரண்டாம் உலக மகாயுத்தம் ஓய்ந்து பத்தாண்டுகள் ஆவதற்குள் இலங்கைத் தீவு மேனாட்டுத் திரைப்படக்காரர் விரும்பி நாடும் படப்பிடிப்புத் தலமாக மாறிய விருத்தாந்தத்தைச் சென்ற அத்தியாயத்தில் கூறினோம். கரோல் ரீட், 1951இல் வெளிவந்த 'அவுட்காஸ்ட் ஒஃப் த ஐலண்ட்ஸ்' என்னும் படத்திற்காக இங்கு வந்து மலாய்த் தீவுகளைத் தேடினார். ரொபேர்ட் பரிஷ், கிரெகறி பெக்கை அழைத்து வந்து 'த பர்ப்பிள் பிளேன்' படத்திற்குரிய பர்மாவை இங்கே கண்டார். இலங்கையை இலங்கையாகவே காட்டிய வில்லியம் டீட்டர்லவின் 'எலிபன்ட் வோக்' படத்திற்கென 1953இல் வந்த விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை ஏற்றார் என்பதும் வாசகர் அறிந்ததே. இவையெல்லாம் முன்னுரை மாத்திரமே. இத்தீவின் ஓர் ஆற்றையும் ஒரு கற்குழியையும் ஒரு கடற்கரை விடுதியையும் உலகத்தார் கண்ணில் அழியாதபடி பதித்துவிட்ட படம், 1956ஆம் ஆண்டின் இறுதியில் டேவிட் லீன் இங்கு தொடங்கிய 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' ஆகும்.

லீன் ஆங்கிலேயர். 1908இல் லண்டனையடுத்த குரோய்டனில், திரைப்படம் பார்ப்பதையே பாவமென விலக்கிய குவேக்கர் மதக் குடும்பம் ஒன்றிற் பிறந்து, பத்தொன்பதாம் வயதில் கௌமண்ட் படக் கம்பனியில் தேநீர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, பின் படத்தொகுப்பில் தேர்ந்து, 'பிரீஃப் என்கவுண்டர்', 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முதலிய படங்களால் பெயர் பெற்றவர். இத்தகையவரை ஹொலிவூட்டின் கணக்கில் எழுதுவது தகுமோ என்று வாசகர் ஐயுறலாம். படத்திற்கு முதல் போட்டது அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம்; தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் ஹொலிவூட்டிற் பழம் தின்று கொட்டை போட்டவர்; பிரதான வேடங்களுள் ஒன்று அமெரிக்க ரசிகரை ஈர்க்கவேண்டி வில்லியம் ஹோல்டனுக்கென்றே வளர்க்கப்பட்டது. அளவாற் சிறிய, உள்ளத்து நுட்பங்களை உரைக்கும் ஆங்கிலப் படங்களை எடுத்துவந்த லீன், 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா', 'டொக்டர் ஷிவாகோ' ஆகிய மாபெரும் சித்திரங்களின் கர்த்தாவாக மாறியது இப்படத்தோடுதான். அந்த மாற்றம் நிகழ்ந்த இடம் நம்முடைய களனிக்கரை என்பதனால், அதனை நம் சரித்திரமாகக் கொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

மூலக்கதை பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயப் படைத்தலைவர் நிக்கல்சன், தம் அதிகாரிகள் கூலிவேலை செய்யலாகாது என்ற நியாயத்திற்காகச் சித்திரவதையையும் பொறுத்து, ஈற்றில் வென்று, வென்ற கர்வத்திலேயே பகைவனுக்குத் தேவையான புகையிரதப் பாலத்தைத் தம் படையாட்களைக் கொண்டு செவ்வையாகக் கட்டிமுடித்து, தாம் கட்டியது யாருக்கு என்பதையே மறந்துபோகும் கதை அது. சயாமில் மெய்யான பாலம் நின்ற இடம் திரைக்கு வேண்டிய கம்பீரம் இல்லாத தாழ்ந்த கரைகளைக் கொண்டது. செங்குத்தான இருகரைகளும் அடர்ந்த காடும் பாறைகளுக்கிடையே விரையும் நீரும் ஓரிடத்திலேயே வேண்டியிருந்தன. அவை கித்துல்கலையில் இருந்தன.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக அட்டன் செல்லும் வீதியில் ஏறத்தாழ ஐம்பத்தைந்து மைல் போனால் கித்துல்கலை. இறப்பர்த் தோட்டங்கள் முடிந்து தேயிலைத் தோட்டங்கள் தொடங்கவிருக்கும் எல்லை அது; மலையகத்திலிருந்து வரும் நீரெல்லாம் களனியாய்த் திரண்டு சமவெளியை நோக்கி இறங்கும் இடம். கரையோரத்து வாடிவீட்டின் விறாந்தையில் இன்றும் அப்படப்பிடிப்பின் புகைப்படங்களைக் காணலாம். ஆற்றிலே நீர் வற்றுங்காலத்தில், பாலத்தின் அடித்தளமாக இட்ட கொங்கிறீற்றின் எச்சங்களையும் காணலாம். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே கடலிற் கலக்கும் அதே ஆறுதான் அது என்பது, தொட்டலங்கப் பக்கத்துப் பாலத்தைக் கடந்து போவோர் பலருக்கும் அங்கே போனபின்தான் உறைக்கிறது.

ஆயினும் படம் முழுவதும் கித்துல்கலையில் எடுக்கப்பட்டதென்று எண்ணுவது தவறு. ஜப்பானியத் தளபதி சைட்டோவின் சிறைமுகாம், கொழும்பிலிருந்து கண்டி வீதியில் ஒன்பது பத்து மைல் தூரத்திலுள்ள மஹரவில், கைவிடப்பட்ட கற்குழி ஒன்றின் அருகே நிர்மாணிக்கப்பட்டது. அந்தக் கற்குழிக்கு ஒரு பூர்வ கதையுண்டு. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டியபின், அதற்கான கல்லை உடைத்தவர்கள் மஹரச் சிறைச்சாலையின் கைதிகளே. கொட்டாஞ்சேனையின் மேட்டிலிருந்து பார்க்கையில் கடலை மறித்து நிற்கும் அந்த நெடுஞ்சுவரின் கற்கள் கைதிகளின் கையாற் பிளக்கப்பட்டவை. எண்பதாண்டுகளுக்குப் பின் அங்கே கைதி வேடம் புனைந்தோர் வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். கதாநாயகனை அடைத்துவைக்கும் தகரக் கூண்டும், ஆங்கிலேயச் சிப்பாய்கள் 'கேணல் போகி' என்ற 1914ஆம் ஆண்டின் படைநடை மெட்டைச் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து நுழையும் முற்றமும் அந்த முகாமில் அமைந்தவையே. அம்மெட்டுக்குச் சிப்பாய்கள் புனைந்து பாடிய சொற்கள் சபையிற் சொல்லத் தகாதவையாதலால், பாட்டு விலகிச் சீழ்க்கை நின்றது. அந்தச் சீழ்க்கையே படத்தைவிட வேகமாக உலகைச் சுற்றியது.

தப்பியோடிய அமெரிக்கன் ஷியர்ஸ் குணமடைந்து கடற்கரையில் களித்திருக்கும் வைத்தியசாலைக் காட்சிகளுக்குக் கல்கிசை விடுதி பயன்பட்டது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெகிவளைப் பாலம் தாண்டி மூன்று நான்கு மைல் போனால் அவ்விடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசாதிபதி மெயிட்லண்ட் வாழ்ந்த மாளிகையே அதன் மூலக்கட்டடம். பாலத்தைத் தகர்க்கப் புறப்படும் அதிரடிப் படையினரின் பயிற்சிக்கூடம் என்று காட்டப்படுவது பேராதனைப் பூங்கா. இங்கேதான் படத்தின் கற்பனையும் சரித்திரத்தின் உண்மையும் ஒன்றையொன்று தொடுகின்றன. மௌண்ட்பேட்டன் பிரபு 1944இல் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தைப் பேராதனைக்கே கொண்டுவந்தார். ஆகவே சயாமாகவும் பர்மாவாகவும் வேடமிட்ட இலங்கை, இந்தச் சில காட்சிகளில் மட்டும் தானாகவே நின்றது.

பாலத்தின் வரைபடத்தைத் தயாரித்தவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஹஸ்பண்ட் கம்பனிப் பொறியியலாளர். ஜோட்ரல் பாங்கில் வான்வெளியை ஆராயும் பிரமாண்டமான தொலைநோக்கியை அதே காலத்தில் அமைத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களே. ஏறத்தாழ 425 அடி நீளம் கொண்ட அம்மரப்பாலத்திற்கு வேண்டிய பெருமரங்களைக் காட்டிலிருந்து இழுத்து வந்தவை யானைகள். ஆற்றின் நடுவே தூண்களை நிறுத்தி, அவற்றைக் குறுக்குச் சட்டங்களாற் பிணைத்து, மேலே தண்டவாளம் பதித்து, மெய்யான எஞ்சினும் பெட்டிகளும் ஓடத்தக்க வலிமையோடு கட்டினார்கள். திரைக்கென்று செய்யும் அட்டை வேலை அல்ல. இதற்கு இரண்டரை லட்சம் டாலர் செலவாயிற்று என்று விளம்பரக்காரர் பறையறைந்தனர். பிற்காலத்தில் வெளியான கணக்கோ அதில் ஐந்தில் ஒரு பங்கையே காட்டுகிறது. மலைநாட்டு வேலையாளின் கூலியும் காட்டுமரத்தின் விலையும் அன்று எவ்வளவு மலிவாயிருந்தன என்பதற்கு அக்கணக்கு ஒரு சாட்சி.

நடிகர்களைப் பற்றி இரண்டொரு செய்தி சொல்லியாக வேண்டும். நிக்கல்சனாக நடித்த அலெக் கின்னஸும் லீனும் பழைய நண்பர்கள். எனினும் கித்துல்கலையில் அவர்களுக்குள் ஓயாத பிணக்கு. அப்பாத்திரத்திற்கு இலேசான நகைச்சுவை வேண்டுமென்று கின்னஸ் வாதாடினார். அது கூடவே கூடாதென்று லீன் மறுத்தார். பாலம் முடிந்த மாலைப்பொழுதில் நிக்கல்சன் கைபிடிச் சட்டத்தில் சாய்ந்து தம் இருபத்தெட்டாண்டுச் சேவையை நினைந்து பேசும் காட்சியை, நடிகரின் முகத்தைக் காட்டாமல் முதுகுப்புறத்திலிருந்தே லீன் படமாக்கினார். காரணம் கேட்ட நடிகருக்கு விளக்கமும் தரவில்லை. அக்காட்சியை இன்று காண்போர்க்குக் காரணம் தானே விளங்கும். தம் வாழ்க்கை வீணாகவில்லை என்று நம்பத் துடிக்கும் ஒரு மனிதனின் முகத்தை நாம் நேரே பார்த்திருந்தால் இரக்கம் கொண்டு நின்றிருப்போம். முதுகையும் அந்திவானத்தையும் பார்க்கும்போதோ, அவன் எதைப் பார்க்க மறுக்கிறான் என்ற அச்சமே நமக்குள் எழுகிறது.

தகரக் கூண்டிலிருந்து விடுபட்டு, தளபதியின் குடிசை வரை நிக்கல்சன் தள்ளாடி நடந்துசெல்லும் காட்சியை இன்னொரு முறை உற்றுப் பார்க்கும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் மடங்குகிறது, தோள் மட்டும் நிமிர்ந்திருக்கிறது, கால் எங்கே பதியப்போகிறதென்று காலுக்கே தெரியவில்லை. இளம்பிள்ளைவாதத்திலிருந்து மீண்டு மறுபடி நடை பழகிய தம் மகன் மத்தியூவின் நடையைத் தாம் அங்கே கொணர்ந்ததாகக் கின்னஸ் பின்னர் கூறினார். தமது நடிப்பு முழுவதிலும் அச்சில விநாடிகளையே அவர் மிக உயர்வாக மதித்தார் என்பதில் வியப்பில்லை. சைட்டோவாக நடித்த செஸ்ஸுவே ஹயகாவாவோ, 1915இலேயே செசில் பி. டிமில்லின் 'த சீட்' படத்தின் மூலம் ஊமைப்பட யுகத்தின் பெருநட்சத்திரமாக விளங்கியவர். ஹொலிவூட் மறந்துபோன அந்த முதியவர், தோற்றுப்போனவனின் அவமானத்தைக் களனிக்கரையில் எவ்வளவு கண்ணியத்தோடு நடித்துக் காட்டினார்! அவர் தனித்திருந்து அழும் அந்த இரவுக் காட்சி இல்லையேல் இப்படம் வெள்ளைக்காரரின் பெருமை பேசும் இன்னொரு யுத்தக் கதையாகவே முடிந்திருக்கும்.

1957 மார்ச் 10ஆம் திகதி பாலம் தகர்க்கப்படுவதாக இருந்தது. பிரதம மந்திரி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தம் பரிவாரத்தோடு வந்திருந்தார். முந்திய ஆண்டு சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியவரும், 1957 ஜூலை 26ஆம் திகதி தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்து ஓராண்டு கழியுமுன் அதைக் கைவிட்டவரும் அவரே. ஒரே ஒரு தடவைதான் பாலத்தைத் தகர்க்க முடியும் என்பதனால், பல கமராக்கள் பல கோணங்களில் நிறுத்தப்பட்டிருந்தன. கமராவை ஓடவிட்டுப் பதுங்குகுழிக்குள் புகுந்த ஒவ்வொருவரும் தாம் தப்பிவிட்டதை ஒரு விளக்கெரித்துத் தெரிவிக்கவேண்டும். எல்லா விளக்குகளும் எரிந்தபின்பே வெடிமருந்துக்கு உத்தரவு. எஞ்சின் புறப்பட்டு ஓட்டுநரும் குதித்துவிட்டார். ஒரு விளக்கு மாத்திரம் எரியவில்லை. மாதக்கணக்கான உழைப்பும் பெருந்தொகையும் நாட்டின் பிரதம மந்திரியும் காத்திருக்க, அந்த ஒரு விளக்கின் பொருட்டு லீன் உத்தரவைத் தடுத்துவிட்டார். ஆளில்லாத புகையிரதம் பாலத்தைப் பத்திரமாகக் கடந்து, அக்கரையிலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதித் தடம் புரண்டது. பிழைப்பட்டவை எல்லாவற்றையும் இரவோடிரவாகச் சீர்செய்து, மறுநாட் காலை, பிரதம மந்திரி மீண்டும் பார்த்திருக்க, பாலம் தகர்ந்து எஞ்சினும் பெட்டிகளும் களனிக்குள் விழுந்தன. சித்திரத்தின் பொருட்டு நடிகரைக் கசக்கிப் பிழிபவர் என்று லீனைக் குறைகூறுவோர் உண்டு. அவர்கள் மார்ச் 10ஆம் திகதியையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அச்சுருள்கள் லண்டனுக்குப் போகும் வழியில் காணாமற்போய், சுயஸ் நெருக்கடியின் குழப்பம் தீராத கெய்ரோ விமானநிலையத்தில் வெயிலிற் கிடந்து ஒரு வாரம் கழித்தே கிடைத்தன என்றொரு கதையும் வழங்குகிறது.

1958 மார்ச்சில் நடந்த ஒஸ்கார் விழாவில், சிறந்த படம், இயக்கம், நடிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, திரைக்கதை என ஏழு விருதுகள் இப்படத்திற்குக் கிடைத்தன. திரைக்கதை விருது பியேர் பூலின் பெயரில் வழங்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதும் பழக்கமே இல்லாத அவர் அதில் ஒரு வரியும் எழுதியவரல்லர். மெய்யாக எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கல் வில்சனும். பொதுவுடைமைவாதிகள் என்ற சந்தேகத்தால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்த அவர்களுடைய பெயர்களைத் திரையில் இட எவரும் துணியவில்லை. 1984இலேயே அவ்விருது அவர்களுக்குரியதென்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அது குடும்பத்தாரின் கையிற் சேர்ந்தபோது இருவரும் உயிரோடில்லை.

எழுதியவரின் பெயரை மறைத்த அநீதிக்கு இருபத்தேழு ஆண்டுகளின் பின்னாவது பரிகாரம் கிடைத்தது. இப்படத்திலிருந்து மறைக்கப்பட்ட வேறு மனிதர்களைப் பற்றியே இவ்வத்தியாயத்தில் விரிவாகச் சொல்ல விரும்பினேன், அவர்கள் தமிழர்.

சயாமிலுள்ள பான்போங்கையடுத்துத் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீற்றர் நீளமான அந்த இருப்புப்பாதை, 1942இன் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டு 1943 ஒக்டோபரில் முடிக்கப்பட்டது. அதில் வருத்தப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர். அவர்களுள் இறந்தவர்கள் ஏறத்தாழ பன்னீராயிரம் பேர். அவர்களைப் பற்றியே நாவலும் படமும் பேசுகின்றன. ஆனால் அப்பாதையிற் பெருந்தொகையாக உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர்: பர்மியர், மலாய்க்காரர், சீனர், யாவகர், இவர்களோடு மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர். யுத்தத்தின் பின் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மலாயாவிலிருந்து சென்றவர்கள் 78,000 பேருக்கு மேல். அவர்களிற் பெரும்பான்மையோர் தமிழர். பதிவான மரணங்கள் மாத்திரமே ஏறத்தாழ 30,000. மெய்யான தொகை இதனினும் மிகப் பெரிது என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். போர்க்கைதிகளுக்குச் சொந்தப் படையின் அதிகாரிகளும் வைத்தியர்களும் இருந்தார்கள்; காய்ச்சிய நீரையே குடிக்கவேண்டும் என்று அதட்டிச் சொல்ல ஆளிருந்தது. தமிழ்க் கூலிக்கு அத்தகைய துணை எதுவுமில்லை. 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, முகாம் முகாமாக மடிந்தவர்கள் அவர்களே.

அவர்களை அங்கே கொண்டுசென்ற வகையைச் சொல்லும்போது, திரைப்படச் சரித்திரம் எழுதுபவனின் கை சற்றே தயங்கவேண்டியிருக்கிறது. மூன்று மாத வேலை, நாளுக்கொரு வெள்ளி கூலி, திரும்பி வரலாம் என்ற வாக்குறுதி முதலில் சொல்லப்பட்டது. போனவர் திரும்பாததால் அந்த வாக்குறுதி எடுபடாமற்போகவே, வீதிகளிலும் தோட்டங்களிலும் பிடித்துச் செல்லத் தொடங்கினார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவித்து, மக்கள் படமாளிகைக்குள் நிறைந்ததும் கதவுகளை அடைத்து, உள்ளிருந்தோரை நேரே புகையிரதத்தில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிய சம்பவமும் போர்க்கைதிகளின் குறிப்புகளிலும் தப்பிவந்தோரின் நினைவுகளிலும் பதிவாகியிருக்கிறது. படமாளிகை என்றால் இருளிலே ஒளியைக் கண்டு மகிழும் இடம் என்றே இத்தொடர் முழுவதும் எழுதிவந்தேன். அப்பெயரைக் கேட்டாலே நடுங்கிய தமிழரும் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பதை எழுதாமற் போனால் இச்சரித்திரம் ஊனமுற்றதாகும்.

லீனின் படத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளியும் இல்லை. சுமை தூக்கும் பெண்கள் நால்வர், வழிகாட்டி ஒருவன் முதலிய சயாமியர் சிலர் தவிர, ஆசியர் என்று வருவோர் ஜப்பானியரே. கைதிகளாக நடிக்க ஐரோப்பியர் போதாமையால், இலங்கையர் சிலருக்கு முகப்பூச்சிட்டு வெள்ளைக்காரராக நிறுத்தினார்கள் என்றும் படப்பிடிப்பைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. சயாமின் மரணப் பாதையில் மடிந்தவர்களின் உறவினர், அந்தப் பாலம் கட்டப்பட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கினிகத்தேனைக்கு மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள் என்பது வெறுங் கற்பனையன்று. திருச்சி, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் ஒரே கிராமத்தை விட்டுப் புறப்பட்ட கூட்டத்தில் ஒரு பகுதி கங்காணியோடு இலங்கைக்கும் ஒரு பகுதி மலாயாவுக்கும் சென்றது அக்கால வழக்கம். மலாயாவுக்குச் சென்றவர் சயாமில் மாண்டனர். இலங்கைக்கு வந்தவர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர்.

கொழும்புத் தமிழருக்கோ இவ்விஷயம் மேலும் நெருக்கமானது. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்துத் திரும்பி, மாதந்தோறும் மலாயாப் பென்சன் வாங்கிய யாழ்ப்பாணத்துப் பெரியவர்களின் பிள்ளைகள் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீடெடுத்துக் குடியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையிலும் செட்டியார் தெருவிலும் வியாபாரம் செய்த குடும்பங்களுக்கோ பினாங்கிலும் ஈப்போவிலும் உறவினர் இருந்தனர். ஜப்பான்காரன் காலத்தில் ஆட்கள் சயாமுக்குப் போன செய்தி அவ்வீடுகளில் அறியாத செய்தியன்று. சவோயில் ஆங்கிலப் படம் பார்த்தவருக்கும் செல்லமஹாலில் தமிழ்ப் படம் பார்த்தவருக்கும் பொதுவாயிருந்த ஒரு துக்கத்தைப் பற்றித்தான் களனிக்கரையில் படம் எடுக்கப்பட்டது. அந்தத் துக்கமோ படத்தில் இல்லை.

இதனால் லீனின் படத்தைத் தள்ளிவிடவேண்டும் என்பது என் கருத்தன்று. கடமையுணர்ச்சி எவ்வாறு கண்ணை மறைக்கும் என்பதை அதைப்போற் சொன்ன படங்கள் மிகச் சில. ஒரு பாலம் வளர வளர ஒரு மனிதனின் விவேகம் தேய்வதைக் கணந்தோறும் காட்டிய அக்கலைத்திறன் போற்றத்தக்கது. நாவலில் தகர்க்கப்படாமல் நிற்கும் பாலத்தைத் திரையில் தகர்த்ததும், நிக்கல்சனே தம் பிழையைக் கண நேரம் உணர்ந்து வெடிப்பொறியின் மீது விழும்படி செய்ததும் நாவலினும் சிறந்த முடிவென்றே கருதுகிறேன். ஆனால் அதனை அந்த இருப்புப்பாதையின் சரித்திரமாக உலகம் எடுத்துக்கொண்டது பெரும்பிழை. தமர்க்கான் முகாமிற் கைதிகளுக்குத் தலைவராயிருந்த பிலிப் டூசி, நிக்கல்சனைப்போற் பகைவனுக்கு மனமுவந்து கட்டிக்கொடுத்தவரல்லர். வேலையைத் தாமதப்படுத்தவும் தம் ஆட்களின் உயிரைக் காக்கவும் பாடுபட்டவர். அவருடைய படையினரே அவருக்காகப் பின்னாளில் வாதாடினார்கள். தமிழருக்காக வாதாட அன்று எவரும் இருக்கவில்லை.

காஞ்சனாபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் பெயர் பொறித்த கற்களின் கீழ்த் துயில்கின்றனர். தமிழ்த் தொழிலாளரைப் புதைத்த குழிகள் பலவற்றின் இடமே தெரியாது. 1944இல் ஜப்பானியர் பாலத்தருகே எழுப்பிய நினைவுச்சின்னத்தில் தமிழ் எழுத்திலும் ஒரு வாசகம் உண்டு; கொன்றவர்களே முதலில் அவர்களுடைய மொழியில் ஓர் அஞ்சலியைப் பொறித்தார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' என்ற நாவலையும் எழுதி அவர்களைத் தமிழ் இலக்கியத்தில் மீட்டனர். 2023இல் காஞ்சனாபுரியில் அவர்களுக்கென ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டது. இப்படத்தைக் காண்போர் அந்நாவல்களையும் தேடிப் படிக்கவேண்டும் என்பது என் விண்ணப்பம்.

படக்குழுவினர் 1957இல் கொழும்பை விட்டுப் புறப்பட்டபோது இங்கே விட்டுச் சென்றது சில கொங்கிறீற்றுக் கட்டிகளை மட்டுமல்ல. அப்படப்பிடிப்பில் உதவியாளராக வேலை செய்த காமினி பொன்சேகா என்ற இளைஞர் சிங்களத் திரையின் ஈடிணையற்ற நாயகரானார். யாழ்ப்பாணத்து எவலின் இரத்தினம் நிறுவனத்தைத் தோற்றுவித்த வரலாற்றறிஞர் ஜேம்ஸ் ரி. இரத்தினத்தின் மைந்தர் சந்திரன் இரத்தினம், பதின்ம வயதில் அங்கே தொழிலைக் கண்டு பழகி, பின்னர் ஹொலிவூட் படக்குழுக்களை இத்தீவுக்கு வரவழைத்து நடத்தும் வல்லவராக விளங்கினார். 1983இன் முற்பகுதியில், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'இந்தியானா ஜோன்ஸ்' குழு கண்டிக்கு வந்து விக்டோரியா அணைக்கருகே ஒரு கயிற்றுப் பாலத்தைக் கட்டி அறுத்தபோது, அதற்கு ஏற்பாடு செய்தவர்களுள் அவரும் ஒருவர். அடுத்த அத்தியாயம் அப்படத்தைப் பற்றியது; அவ்வாண்டு ஜூலையில் கொழும்பிலும் ஹெந்தளையிலும் தமிழருடைய படமாளிகைகளும் ஸ்டூடியோவும் எரிக்கப்பட்டதையும் அதிலேயே சேர்த்து எழுதுவேன்.